தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு ஆபரேஷனா? மயக்க மருந்து டாக்டரை முதலில் பாருங்கள்

என் அக்கா மகனுக்கு டுஷேன் வகைத் தசைச்சிதைவு, தசைகள் வருடாவருடம் பலவீனமாகிக்கொண்டே போகும் பரம்பரை நோய். 10 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தான், 11 வயதில் அதிலிருந்து சரிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ராத்திரி 9 மணிக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நிற்கிறோம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பிளேட் வைத்துவிடலாம், காலையில் முதல் கேஸ் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் பையனைப் பற்றி எழுதியிருந்தது "நடக்க முடியாதவர்" என்று மட்டும். 11 மணிக்கு ஃபிட்னஸ் பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர் வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் அக்கா "டுஷேன்" என்ற சொல்லைச் சொன்னாள். அவர் நின்றார். "இத யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். காலையில் போட நினைத்திருந்த மருந்துகள் எல்லாமே மாறின.

அந்த அரை மணி நேரத்தில் கேட்டதும், அதற்குப் பிறகு இரண்டு அறுவை சிகிச்சை, ஒரு பல் பிடுங்கல் என்று அலைந்து கற்றதும்தான் கீழே இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது மயக்க மருந்து நிபுணரின் வேலை. அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலை, அவர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அவர் காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் நம் வேலை. கவனியுங்கள், சர்ஜன் காதுக்குள் இல்லை. சர்ஜனிடம் சொன்னால் மயக்க மருந்து டாக்டருக்குத் தானாகப் போய்விடும் என்று நினைப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் முதல் தப்பு.

மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு பெயர்கள்

ஒன்று, சக்சினைல்கோலின். நம் ஆஸ்பத்திரிகளில் "ஸ்கோலின்" என்பார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்காக உடம்பின் தசைகளை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்தும் மருந்து. மலிவு, வேகம், சில நிமிடங்களில் தெளிந்துவிடும், அதனால் அவசரப் பிரிவுகளில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். இரண்டாவது, மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க வாயுக்கள்: ஹாலோத்தேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன். பெயரின் வாலில் "ஏன்" என்று முடியும் கூட்டம் என்று என் அக்கா நினைவு வைத்துக்கொண்டாள், நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

டுஷேன், அதன் லேசான வகையான பெக்கர் போன்ற நோய்களில் தசை செல்லின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது. உறை நைந்த துணி மாதிரி. ஸ்கோலின் தசைகளைத் தளர்த்துவதற்கு முன் ஒரு முறை உசுப்பிவிடும். நல்ல தசையிலிருந்து அப்போது கொஞ்சம் பொட்டாசியம் ரத்தத்துக்கு வரும், லிட்டருக்கு அரை மில்லிமோல் அளவு, பெரிய விஷயமில்லை. நைந்த தசையிலிருந்தோ மடை திறந்த மாதிரி கொட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரைதான் இருக்க வேண்டும். அது திடீரென்று இரட்டிப்பானால் இதயம் நின்றுவிடும். வாயுக்கள் இவ்வளவு அதிரடியாக வேலை செய்யாது, ஆனால் அவையும் இந்தத் தசைகளை உடைக்கக்கூடும், சில பிள்ளைகளுக்கு ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த பிறகுகூட இது நடந்திருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பார்க்க ஆரோக்கியமாக இருந்த சின்னப் பையன்களுக்கு ஸ்கோலின் போட்டதும் இதயம் நின்ற சம்பவங்கள் சேர்ந்துகொண்டே போனதால், அந்த மருந்தின் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். அந்தப் பையன்களில் பலருக்கு டுஷேன் இருந்தது, பெற்றோருக்கே தெரியாது. இந்த இடம் எனக்கு எப்போதும் வயிற்றைப் பிசையும். ஏனென்றால் என் மருமகனுக்கும் 5 வயது வரை யாருக்கும் தெரியாது, "சோம்பேறிப் பையன், நடக்கச் சொன்னா அழுவான்" என்றுதான் வீட்டில் பேச்சு.

அப்படியானால் எதைக் கொடுப்பார்கள்? வாயு இல்லாமல், நரம்பு வழியாகவே புரோபோஃபால், ஃபென்டனில் போன்றவற்றைப் பம்ப் வைத்துச் சீராக ஏற்றித் தூங்கவைக்கும் முறை இருக்கிறது. டிவா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தசையைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றால் ரோகுரோனியம் மாதிரி வேறு வகை இருக்கிறது, அளவு குறைத்து, தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி வைத்துக் கொடுப்பார்கள். அதை முறிக்க சுகமாடெக்ஸ் என்ற மருந்து இருக்கிறது, விலை அதிகம், முன்கூட்டியே சொன்னால் வாங்கி வைப்பார்கள். உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிகளில் இந்தத் தசைப் பிரச்சினை இல்லை. முடிகிற இடத்தில் எல்லாம் அதுவே நல்லது, ஆனால் முதுகு வளைந்துபோன பிள்ளைக்கு முதுகுத்தண்டு ஊசி போடுவது சுலபமில்லை.

எந்த வழிச் சொந்தத்தைக் கேட்பது

ஃபிட்னஸ் பார்க்கும்போது "குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா" என்று கேட்பார்கள். நாம் யோசிக்காமல் இல்லை என்போம். ஒரு நாள் முன்னதாக உட்கார்ந்து பாட்டியிடம் கேளுங்கள். டுஷேன் தாய் வழியாக வருவது, எனவே அம்மாவின் கூடப்பிறந்த ஆண்கள், அம்மா வழிப் பாட்டியின் கூடப்பிறந்த ஆண்கள், அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் "காலு சரியில்லாத மாமா, சின்ன வயசுலயே போயிட்டாரு, போலியோ" என்று ஒரு கதை உண்டு. அது போலியோவே இல்லை என்று எனக்கு இப்போது படுகிறது. நோயைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயத்தசை பலவீனமாக இருக்கலாம், ஆகவே அக்காவுக்கும் வருடாவருடம் எக்கோ எடுக்கிறோம். அவளுக்கு ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதே கதையைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் வரும். மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்பது அதன் பெயர். ஸ்கோலினோ அந்த வாயுக்களோ உடம்புக்குள் போனதும் தசை செல்களுக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் கொட்டி, தசை எல்லாம் விறைத்து, உடம்பு உலை மாதிரி எரிய ஆரம்பிக்கும். இதைக் கண்டுபிடித்த கதையே ஒரு பாடம். 1960இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது மாணவன் ஒருவன், காலைப் பற்றிக் கவலைப்படாமல் மயக்க மருந்தைப் பற்றியே பயந்துகொண்டிருந்தான். அவன் சொந்தக்காரர்கள் 10 பேர் ஈதர் மயக்கத்தில் செத்திருக்கிறார்கள். டாக்டர்கள் அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோத்தேன் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவன் உடம்பு கொதித்தது. நிறுத்திவிட்டு ஐஸ் வைத்துக் காப்பாற்றினார்கள். மைக்கேல் டென்பரோ என்ற மருத்துவர் அவனுடைய குடும்ப மரத்தையே வரைந்து, இது பரம்பரையாக வருவது என்று கண்டார். அந்தப் பையன் சொன்னதைக் காதில் வாங்கியதால்தான் உலகத்துக்கே இந்த நோய் தெரிந்தது. உங்கள் பாட்டி "உன் பெரியப்பா குடல்வால் ஆபரேஷன்ல ஜன்னி கண்டு போயிட்டாரு" என்று சொன்னால் சிரிக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கோளாறுக்கு முக்கியமான காரணம் ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணு. அதே மரபணுவால் வரும் சென்ட்ரல் கோர் போன்ற பிறவித் தசைநோய் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்த ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். முன்பு இரண்டு மூன்று தடவை மயக்க மருந்து வாங்கி ஒன்றும் ஆகவில்லை என்பது இதில் உத்தரவாதம் இல்லை, நாலாவது தடவை வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது

காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் சின்ன நர்சிங் ஹோமில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் வேண்டாம். பக்கத்துத் தெருவில் இருக்கிறது, டாக்டர் நம் சொந்தக்காரர், காசு குறைவு, எல்லாம் சரி. ஆனாலும் வேண்டாம். பல் பிடுங்குவது, மரக்க ஊசி போட்டுச் செய்யும் சின்ன வேலைகள் வேறு. முழு மயக்கம் என்றால் ஐசியு இருக்கும் இடம்தான்.

போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்குத் தெரிந்து ஐந்தாறு. வாயு இல்லாமல் நரம்பு வழி மயக்கத்துக்கான பம்ப் இருக்கிறதா? ரத்தத்தில் பொட்டாசியத்தை உடனே, சில நிமிடங்களில் பார்க்கும் இயந்திரம் தியேட்டர் பக்கத்திலேயே உண்டா, அல்லது சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்புவார்களா? ஆபரேஷன் முடிந்ததும் படுக்கை ஐசியுவில் பதிவாகியிருக்கிறதா? முகத்தில் மாஸ்க் மாட்டி மூச்சுக்கு உதவும் பைபேப் இயந்திரம் இருக்கிறதா? டான்ட்ரோலின் இருக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கு இருக்கும் ஒரே நேரடி மருந்து அதுதான். அது வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் 10க்கு 7, 8 பேர் இறந்தார்கள், வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று ஆரம்பிப்பார்கள். பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம்தான் இருக்கும், ஒவ்வொன்றையும் 60 மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும், அப்படியென்றால் 70 கிலோ ஆளுக்கு முதல் தவணைக்கே 9 குப்பி. நம் பக்கம் எல்லா மருத்துவமனையும் இதை இருப்பு வைப்பதில்லை. "இல்லை, தேவைப்பட்டால் வரவழைப்போம்" என்று பதில் வந்தால், அந்த ஆபத்து உள்ள குடும்பம் வேறு மருத்துவமனை பார்ப்பதே நல்லது, ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் வரவழைக்க நேரம் இருக்காது. டுஷேன் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு அவசியமில்லை. டுஷேனில் நடப்பது இந்த நோய் இல்லை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு ஒன்று, அங்கே உயிர் காப்பது பொட்டாசியத்திடமிருந்து இதயத்தைக் காக்கும் கால்சியமும், பொட்டாசியத்தை இறக்கும் இன்சுலின்-குளுக்கோஸும்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் நிறைய, நானும் ஒரு வருடம் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

ஆபரேஷன் தேதி முடிவானதும், ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே மயக்க மருந்து டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முந்தின நாள் ராத்திரி வார்டில் வந்து பார்ப்பார் என்பார்கள். போதாது. பணிவாகவே வற்புறுத்துங்கள். "சார், பையனுக்கு டுஷேன் தசைச்சிதைவு. ஸ்கோலினும் மயக்க வாயுவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க ரிப்போர்ட் பாத்துட்டு முடிவு பண்ணுங்க." இந்த மூன்று வரி போதும். நீங்கள் டாக்டருக்குப் பாடம் எடுக்கவில்லை, தகவல் தருகிறீர்கள் என்பது தொனியில் தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், என் அனுபவத்தில் பெரும்பாலானோர் நன்றிதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும் "கூகுள் பாத்துட்டு வந்தீங்களா" என்றார். சிரித்துக்கொண்டே நரம்பியல் டாக்டர் கொடுத்த கடிதத்தை நீட்டினேன், வாங்கிப் படித்தார், அப்புறம் பேச்சே மாறிவிட்டது. அதனால் அந்தக் கடிதத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மரபணுப் பரிசோதனை முடிவு, சமீபத்திய எக்கோ, ஈசிஜி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை, தினமும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள். நுரையீரல் சோதனையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மூச்சில் ஊதும் காற்றின் அளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தால் ஆபத்து கூடுதல், 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் மிகக் கூடுதல். அந்த நிலையில் உள்ள பிள்ளையை ஆபரேஷனுக்கு முன்பே பைபேப் மாஸ்க் போட்டுப் பழக்கிவிட வேண்டும். மயக்கம் தெளிந்து, வலியோடு, பயத்தோடு இருக்கும்போது முதல் முறையாக முகத்தில் மாஸ்க்கை மாட்டினால் எந்தப் பிள்ளையும் பிடுங்கி எறியும். நாங்கள் இரண்டு வாரம் ராத்திரி டிவி பார்க்கும்போது மாட்டிப் பழக்கினோம். முதல் நாள் 5 நிமிடம், அழுகை, ஐஸ்கிரீம் லஞ்சம், எல்லாம் நடந்தது.

ஸ்டீராய்டு மாத்திரை, அதாவது பிரெட்னிசலோனோ டெஃப்ளசகார்ட்டோ, சாப்பிடும் பையன் என்றால் அதை முக்கியமாகச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் உடம்பு அந்தச் சுரப்பைத் தானாகச் செய்ய மறந்திருக்கும். ஆபரேஷன் நேரத்தில் ஊசி வழியாகக் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். "வெறும் வயிறுதானே" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கான மாத்திரைகளில் எதை அன்று காலையில் விட வேண்டும், எதைத் தர வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைய தினம்

முதல் கேஸாகப் போடச் சொல்லுங்கள். காரணம், இயந்திரத்தில் முந்தின நோயாளிக்குக் கொடுத்த வாயுவின் மிச்சம் குழாய்களிலும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைமிலும் தங்கியிருக்கும். வாயு ஆவியாக்கும் பெட்டியைக் கழற்றி, சோடா லைமையும் குழாயையும் மாற்றி, வேகமாக ஆக்ஸிஜன் விட்டுக் கழுவ வேண்டும். பழைய இயந்திரத்துக்கு 20 நிமிடம், சில புது இயந்திரங்களுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். முதல் கேஸ் என்றால் அவர்கள் அவசரமில்லாமல் செய்வார்கள். முதல் கேஸுக்கு இன்னொரு லாபம், பிள்ளை வெகுநேரம் பட்டினி கிடக்க வேண்டாம்.

சின்னக் குழந்தைகளை வழக்கமாக எப்படித் தூங்கவைப்பார்கள் தெரியுமா? ஊசிக்குப் பயந்து அழும் என்பதால் முகத்தில் மாஸ்க்கை வைத்து வாயுவை முகரவிட்டு, தூங்கிய பிறகு நரம்பில் ஊசி போடுவார்கள். அன்பாகச் செய்வதுதான். நம் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பதால் விழித்திருக்கும்போதே ஊசி போட வேண்டிவரும். ஒரு மணி நேரம் முன்பே புறங்கையில் மரக்கவைக்கும் கிரீம் தடவச் சொல்லிக் கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கத் தூங்கவைக்கும் இடத்திலும் இதே கதை, அங்கே நம்மை யாரும் விரிவாகக் கேட்க மாட்டார்கள், "சும்மா ஸ்கேன்தானே" என்று நாமும் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, உள்ளே இருக்கும் டாக்டர் நீங்கள் பார்த்தவர்தானா என்று கேளுங்கள். டியூட்டி மாறியிருக்கும். மாறியிருந்தால் அதே மூன்று வரியைத் திரும்பச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் அலர்ஜி என்று இருக்கும் கட்டத்தில் சிவப்பு மையில் "ஸ்கோலின், வாயு கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். இது அலர்ஜி இல்லைதான், ஆனால் எல்லோர் கண்ணும் போகும் கட்டம் அது ஒன்றுதான்.

முடிந்த பிறகு

கதவு திறந்து "நல்லா முடிஞ்சுது" என்றதும் நமக்கு உயிர் வரும். ஆனால் பலவீனத் தசைப் பிள்ளைகளுக்குப் பாதி ஆபத்து இதற்குப் பிறகுதான். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை மந்தமாக்கும், இருமிச் சளியைத் துப்ப வலு இருக்காது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப்பில் 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மூக்கில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எண் நன்றாகவே காட்டும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே இருக்கும். பிள்ளை தலைவலி என்கிறான், அளவுக்கு மீறித் தூங்குகிறான், எழுப்பினால் உளறுகிறான் என்றால் நர்ஸைக் கூப்பிட்டு கார்பன் டை ஆக்சைடு பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்குத் தேவை வெறும் ஆக்ஸிஜன் இல்லை, மூச்சுக்கு உதவி, அதாவது அந்த பைபேப். வீட்டில் இயந்திரம் இருந்தால் மாஸ்க்கோடு எடுத்துப் போய்விடுங்கள், பழகிய மாஸ்க் பழகியதுதான்.

சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே சொல்லுங்கள், தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கான அடையாளம். எலும்பு முறிவோடு வந்த டுஷேன் பிள்ளைக்கு, ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும், திடீரென்று மூச்சிரைப்பும் குழப்பமும் வந்தால் கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வலி தாங்காமல் புலம்புகிறான் என்று விட்டுவிடாதீர்கள்.

வேறு நோய் என்றால் விதியும் வேறு

எல்லாத் தசைநோய்க்கும் ஒரே பட்டியல் செல்லாது. மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி உள்ளவர்களைப் பாருங்கள். கை குலுக்கினால் விரல் உடனே விடாது, சின்ன வயதிலேயே கண்புரை, முன்வழுக்கை. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது, கண் டாக்டரோ, துவண்ட குழந்தை பிறந்த பிறகு பிரசவ டாக்டரோதான் முதலில் சந்தேகப்படுவார்கள். இவர்களுக்கு ஸ்கோலின் போட்டால் தளர்வதற்குப் பதிலாகத் தாடை இறுகிவிடும், வாயைத் திறந்து குழாய் போட முடியாது. குளிர் பட்டாலும் நடுங்கினாலும் தசை இறுகும், எனவே போர்வை, சூடான டிரிப். தூக்க மருந்தும் வலி மருந்தும் கொஞ்சம் கொடுத்தாலே மூச்சு அடங்கும், இதயத் துடிப்பில் தடை வரும். நோய் லேசாகத்தான் இருக்கிறது என்பதை நம்பி ஏமாறக்கூடாத வகை இது, ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அவ்வப்போது கை கால் செயலிழந்து பிறகு தெளியும் பீரியாடிக் பராலிசிஸில் பொட்டாசியம் குறையும் வகைக்கு, முந்தின ராத்திரி பரோட்டா, பிரியாணி என்று வயிறு முட்டச் சாப்பிடுவதே ஆபத்து. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் கை கால் அசைக்க முடியாமல் கிடப்பார், அதே விஷயம்தான் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினாலும் நடக்கும். பொட்டாசியம் கூடும் வகைக்கு நேர் எதிர்: அவர்களைப் பட்டினி போடக் கூடாது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் "பீரியாடிக்" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் பாதிக் கதவுதான் திறக்கும். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் பகுதி பழுதாகும் மைட்டோகாண்ட்ரியா நோயிலும் நீண்ட பட்டினி ஆகாது, புரோபோஃபாலை மணிக்கணக்கில் ஏற்றுவதும் யோசிக்க வேண்டிய விஷயம். நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத பிறவி மயஸ்தீனியாவில் சில ஆன்டிபயாடிக்குகளும் மெக்னீசியமும் பலவீனத்தைக் கூட்டும்.

தசைநோயே இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டு வாசலில் இருக்கிறது. ஸ்கோலினை ரத்தத்தில் உடைக்கும் நொதி ஒன்று உண்டு, சூடோகோலினெஸ்டரேஸ். அது குறைவாக உள்ளவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளிய வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நிற்கும், மனம் விழித்திருக்க உடம்பு அசையாது, மூச்சும் வராது. வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் சரியாகிவிடும், ஆனால் தெரியாமல் குழாயை எடுத்துவிட்டால் அபாயம். ஆரிய வைசியர் சமூகத்தில் இது மற்றவர்களைவிட அதிகம், அதற்கான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். தென்னிந்திய மயக்க மருந்து டாக்டர் சமூகப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம், பெரும்பாலும் இதற்காகத்தான் கேட்கிறார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இன்னும் பெயர் வைக்காத பிள்ளைகள்

உங்கள் வீட்டுப் பையன் ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடந்தான், அடிக்கடி விழுகிறான், நுனிக்காலில் நடக்கிறான், கெண்டைக்கால் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழ முழங்காலில் கை ஊன்றுகிறான் என்றால், டான்சிலோ குடலிறக்கமோ எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சாதாரணமாக 200 சுற்றி இருக்கும் எண், டுஷேனில் ஆயிரக்கணக்கில் போகும். இன்னொன்று: ஈரலுக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூடியிருக்கிறது, மஞ்சள் காமாலை இல்லை, ஆனாலும் ஈரல் டாக்டரிடம் அலைகிறோம் என்று சொல்லும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டும் தசையிலிருந்தும் வரும்.

அட்டையும் தாளும்

நாம் பக்கத்தில் இல்லாதபோது விபத்து நடந்தால்? அவசரப் பிரிவில் குழாய் போட முதலில் கை போவது ஸ்கோலினுக்குத்தான். அதற்காக ஒரு அட்டை. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் அடித்து லேமினேட் செய்து சக்கர நாற்காலியின் முதுகில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று, அக்காவின் போன் திரையில் அதன் படம். எங்களுடையதில் இருப்பது இவ்வளவுதான்:

"எனக்கு டுஷேன் தசைச்சிதைவு. சக்சினைல்கோலின் கொடுக்கக் கூடாது. மயக்க வாயுக்கள் கூடாது. தினமும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், நிறுத்தக் கூடாது. இதயத்தசை பலவீனம். ஆக்ஸிஜன் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடையும் பாருங்கள்." கீழே வீட்டு எண், நரம்பியல் டாக்டரின் எண்.

உங்கள் நோய்க்கு என்ன வரிகள் என்பதை நரம்பியல் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள், எங்களுடையதை அப்படியே பிரதி எடுக்காதீர்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியோடு மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்போது தெளிந்தான் என்று நிமிட வாரியாக டாக்டர் கையால் எழுதிய அந்தத் தாள், அடுத்த ஆபரேஷனின் டாக்டருக்கு நாம் வாயால் சொல்லும் எதையும்விட மேல். சிலர் தரத் தயங்குவார்கள், எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். அதை மட்டும் லேமினேட் செய்யாதீர்கள். இரண்டாவது முறை வந்த டாக்டர் ஓரத்தில் தன் குறிப்பையும் எழுத இடம் தேடினார், நாங்கள் பளபளவென்று பிளாஸ்டிக் போட்டு வைத்திருந்தோம்.